துப்பாக்கியோடு தென்னாப்பிரிக்கா: எந்த விமானம் மலிவு?

கேள்வி: நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் விவசாயி. பஞ்சாயத்தின் காட்டுப்பன்றி சுடும் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. 12 போர் இரட்டைக்குழல் ஒன்றும் .315 ரைபிள் ஒன்றும் லைசன்ஸோடு வைத்திருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் மைத்துனன், லிம்போப்போவில் ஒரு வேட்டைப் பண்ணையில் ஐந்து நாளுக்கு ஏற்பாடு செய்திருக்கிறான். இம்பாலா மானும் வார்ட்ஹாக் பன்றியும்தான் எண்ணம். என் ரைபிளையே கொண்டு போக ஆசை. கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா வரை ஒரு டிக்கெட், துபாயிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வரை வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக எடுத்தால் நல்ல மலிவாக வருகிறது. எடுக்கலாமா? துப்பாக்கியோடு போக எந்த விமானம் செலவு குறைவு?

பதில்:

அந்த இரண்டு டிக்கெட்டையும் எடுக்காதீர்கள் தம்பி. பணம் கட்டுவதற்கு முன்னால் எழுதிக் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

காரணத்தைச் சொல்கிறேன். முதல் டிக்கெட் ஷார்ஜாவோடு முடிந்துவிடுகிறது. அங்கே உங்கள் பெட்டி பெல்ட்டில் வந்து விழும். அதை எடுத்துக்கொண்டு குடியேற்றம், சுங்கம் எல்லாம் கடந்து, டாக்ஸி பிடித்து, துபாய் விமான நிலையத்தில் மறுபடி கொடுக்க வேண்டும். அதாவது உங்கள் ரைபிள் அந்த நாட்டுக்குள் நுழைந்து, சாலையில் போய், திரும்ப வெளியேறுகிறது. அனுமதி இல்லாத ஆயுதத்தை அங்கே லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீங்கள் மிச்சம் பிடித்த பணம் ஒரு வக்கீலின் முதல் நாள் செலவுக்குக் காணாது.

நான் பாலக்காட்டில் இருபத்து நான்கு வருடமாக டிக்கெட் போடுகிறேன். வேட்டைக்குப் போகிறவர்கள் எப்போதாவது வருவார்கள். துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிற பிள்ளைகள் அடிக்கடி வருவார்கள். இருவருக்கும் நான் முதலில் கேட்பது டிக்கெட் விலையை அல்ல. லைசன்ஸைக் காட்டுங்கள் என்பேன். நீங்களும் உங்கள் லைசன்ஸ் புத்தகத்தை எடுத்து, அது செல்லுபடியாகும் பகுதி எது என்று எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள். பாலக்காடு மாவட்டமா, கேரளம் முழுவதுமா, இந்தியா முழுவதுமா? உங்களுக்கு எந்த விமானம் என்பதை அந்த ஒரு வரிதான் முடிவு செய்யப் போகிறது.

நம்மைப் போல எல்லையில் இருப்பவர்கள் இதில்தான் இடறுகிறோம். வேலந்தாவளம் தாண்டினால் தமிழ்நாடு. பருத்திக்கொட்டை வாங்கவும் பல் டாக்டரைப் பார்க்கவும் கோயம்புத்தூர் போய் வந்தே பழகிய நமக்கு அது வேறு மாநிலம் என்கிற நினைப்பே வருவதில்லை. பீளமேடு விமான நிலையம் பக்கத்தில், கொச்சியின் நெடும்பாசேரி விமான நிலையம் நூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனால் லைசன்ஸ் கேரளத்துக்குள் மட்டும் செல்லும் என்றிருந்தால், செக்போஸ்ட்டைத் தாண்டிய நிமிடமே உங்கள் கையில் இருப்பது லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. விமான டிக்கெட் கையில் இருக்கிறது என்று சொன்னால் எடுபடாது. அப்படியானால் ஒன்று, கலெக்டரேட்டில் விண்ணப்பித்துப் பகுதியை விரிவாக்கி வாங்க வேண்டும். அது சீக்கிரம் நடக்கிற காரியம் இல்லை. இல்லையென்றால் குதிரான் சுரங்கம் வழியாகத் திருச்சூர் போய், நெடும்பாசேரியிலிருந்தே ஏற வேண்டும்.

அதே பக்கத்தில் எந்த நோக்கத்துக்காகக் கொடுத்த லைசன்ஸ் என்பதையும் பாருங்கள். பயிர்ப் பாதுகாப்பு என்று இருந்தால் அந்தத் துப்பாக்கியை இந்தப் பயணத்தில் சேர்க்கவே வேண்டாம். 2022-இல் கேரள அரசு காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்ததே, அந்தப் பட்டியலில் பெயர் இருப்பது நம் வயலுக்கு மட்டும்தான். விமான நிலையத்தில் அதற்கு ஒரு மதிப்பும் கிடையாது.

சட்டம் வழியை அடைக்கவில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்க உரிமை உள்ளவர் தன் சொந்த உபயோகத்துக்கு, நியாயமான அளவில், தனியாக ஏற்றுமதி லைசன்ஸ் இல்லாமல் வெளியே கொண்டு போகவும் திரும்பக் கொண்டு வரவும் இடம் தருகிறது. அதே பிரிவு, சந்தேகம் வந்தால் நிறுத்தி வைக்கும் அதிகாரத்தைச் சுங்க அதிகாரிக்கும் தருகிறது. அதனால் கிளம்பும் விமான நிலையத்தின் சுங்கத் துறைக்கு முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதி, ரைபிளின் வரிசை எண்ணையும் பயணத் தேதியையும் தெரிவித்து, பதில் வாங்கி வையுங்கள்.

சரி, விமானத்துக்கு வருவோம். இந்தியாவிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. எப்படிப் போனாலும் ஒரு நாட்டில் மாறித்தான் ஆக வேண்டும். கொச்சியிலிருந்து என்றால் எமிரேட்ஸில் துபாய் வழி, கத்தார் ஏர்வேஸில் தோஹா வழி. சென்னை, பெங்களூரு, மும்பையிலிருந்து எத்தியோப்பியன் ஏர்லைன்ஸில் அடிஸ் அபாபா வழி. விலையை மட்டும் பார்த்தால் எத்தியோப்பியன் பல மாதங்களில் குறைவாகத் தெரியும். ஆனால் அதற்கு உங்கள் லைசன்ஸ் தமிழ்நாட்டிலோ கர்நாடகத்திலோ செல்ல வேண்டும். துப்பாக்கியோடு ரயிலிலோ காரிலோ ஒரு ராத்திரி போக வேண்டும். கூடவே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியையும் யோசிக்க வேண்டும். எத்தியோப்பியாவில் 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் தென்னாப்பிரிக்கா அந்தச் சான்றிதழைக் கேட்கும். திரும்பும்போது விமானம் தவறி அடிஸ் அபாபாவில் வெளியே ஓட்டலில் தங்கிவிட்டால் இங்கேயும் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். இதையெல்லாம் கூட்டினால் அந்த மலிவு கரைந்துவிடும். லைசன்ஸ் கேரளத்துக்குள் என்றால் கொச்சியிலிருந்து ஒரே நிறுவனம், ஒரே டிக்கெட், ஒரே ஒரு மாற்றம். துப்பாக்கியோடு போகிறவருக்கு மலிவான டிக்கெட் அதுதான்.

ஒரே நிறுவனம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிக்கெட்டில் ஒரு பெயர் இருக்கும், விமானத்தை ஓட்டுவது கூட்டாளி நிறுவனமாக இருக்கும். துப்பாக்கிக்கு அனுமதி தர வேண்டியது ஓட்டுகிற நிறுவனம். இரண்டு நிறுவனம் என்றால் இரண்டு அனுமதி, அதில் ஒன்று வராவிட்டாலும் பயணம் இல்லை. மாறும் நாட்டிலும் ஆயுதம் கடந்து போக அந்த நாட்டு அதிகாரிகளின் சம்மதம் வேண்டும். பெரிய நிறுவனங்கள் அதை நமக்காக விண்ணப்பித்து வாங்கித் தரும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் பலவற்றிடம் அதற்கான ஆளே கிடையாது.

டிக்கெட்டை வாங்கிய பிறகு அனுமதி கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். அனுமதிக்கு விண்ணப்பிக்க பிஎன்ஆர் எண் வேண்டும், அனுமதி வராவிட்டால் டிக்கெட் வீண். இதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி இருக்கிறது. முன்பதிவை மட்டும் போட்டு, பணம் கட்டுவதற்கான கெடுவை முடிந்தவரை நீட்டி வைத்துக்கொண்டு, அந்த எண்ணில் விண்ணப்பிப்போம். கெடு போதவில்லை என்றால், பணம் திரும்பக் கிடைக்கும் வகை டிக்கெட்டைச் சற்றுக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவோம். துப்பாக்கி விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் பணம் திரும்பாத டிக்கெட் போட்டுக் கொடுப்பதில்லை. தேதி மாற்றினால் அனுமதியையும் மறுபடி வாங்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனையும் மகளையும் வெளிநாட்டுப் போட்டிக்கு அனுப்பினேன். பதினேழு வயசுப் பெண். விமான நிறுவனத்தின் அனுமதி மின்னஞ்சலில் வந்துவிட்டது, நானும் அதோடு என் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். கவுண்டரில் இருந்த பையனின் திரையில் அந்த அனுமதி ஏறவே இல்லை. அவன் மேலதிகாரியைக் கூப்பிட, அவர் இன்னொருவரைக் கூப்பிட, பாதுகாப்பு அதிகாரி டார்ச் அடித்து ரைபிளின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாசிக்க, கவுண்டர் மூடிவிட்டது. திறந்து கிடந்த கேஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தப் பெண் அழுததை அவள் அப்பா போனில் சொன்னார். மறுநாள் விமானத்தில் போய்ச் சேர்ந்தாள், பயிற்சிக்கான நாள் போய்விட்டது. அன்றிலிருந்து அனுமதிக் கடிதத்தை மூன்று படி அச்சிட்டுக் கொடுக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் விமான நிலையத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தின் பொறுப்பாளரிடம் நானே பேசி, திரையில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். உங்கள் ஏஜென்ட் இதைச் செய்வாரா என்று முதலிலேயே கேளுங்கள். நான்கு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.

அடுத்து எடையும் அளவும். ரைபிள் மூன்றரை கிலோ போல வரும். பூட்டுப் போட்ட கெட்டிக் கேஸோடு சேர்த்து எட்டுப் பத்துக் கிலோ. அதைவிட நீளம்தான் வம்பு. நிறுவனங்கள் பெட்டிக்குச் சாதாரணமாக வைத்திருக்கும் வரம்பு நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 158 செண்டிமீட்டர். ரைபிள் கேஸ் 130, 35, 15 என்று வைத்தாலே 180 ஆகிவிடுகிறது. சில நிறுவனங்கள் இதை விளையாட்டுப் பொருளாக எடுத்துக்கொள்ளும், சில அளவு மீறியதற்குத் தனிக் கட்டணம் கேட்கும், சில துப்பாக்கியைக் கையாளுவதற்கென்றே போகவும் வரவும் தனித்தனியாக வாங்கும். டிக்கெட் விலையோடு இவற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் எது மலிவு என்று சொல்ல முடியும். கேஸின் மூன்று அளவையும் எழுதி அனுப்பி, கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது கவுண்டரில் செல்லாது.

தோட்டாவுக்கு உலகம் முழுவதும் ஒரே அடிப்படை விதி. ஒருவருக்குப் பெட்டியோடு சேர்த்து 5 கிலோ, அவ்வளவுதான். ஆபத்துப் பொருள் வகைப்பாட்டில் 1.4எஸ் பிரிவில் வரும் சாதாரணத் தோட்டா மட்டும், சொந்த உபயோகத்துக்கு மட்டும். இரண்டு பேருடையதை ஒரே பெட்டியில் சேர்த்து வைக்கக் கூடாது. நிறுவனம் தன் வரம்பை இதைவிடக் குறைத்தும் வைத்திருக்கலாம். ஐந்து நாளுக்கு நாற்பது தோட்டா தாராளம். கம்பெனி அட்டைப்பெட்டியிலேயே வைத்து, ரைபிளிலிருந்து தனியாகப் பூட்டுங்கள். எல்லாம் செக்-இன் லக்கேஜில்தான், கைப்பையில் ஒன்றும் கூடாது.

கைப்பை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பன்றிக்குக் காவல் இருக்கப் போகும் பையை, ஜாக்கெட்டை, செருப்பைக்கூட இந்தப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் துப்பாக்கியே இல்லாமல் மகனைப் பார்க்க வளைகுடா கிளம்பினார். தோளில் வயலுக்குக் கொண்டு போகும் பழைய பை. ஸ்கேனரில் அடித்தளத் தையலுக்குள் ஒரு 12 போர் தோட்டா தெரிந்தது. எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை. சிவப்புத் தோல் வெளுத்து, பித்தளை பச்சை பூத்துக் கிடந்ததாம். லைசன்ஸ் வீட்டில் இருந்தது. அன்று ராத்திரி அவர் காவல் நிலையத்தில் இருந்தார். ஜாக்கெட்டில் ஒட்டியிருக்கும் வெடிமருந்துத் தூளைக்கூட விமான நிலையத்துக் கருவி பிடிக்கும். புதுப் பை வாங்குங்கள்.

இவ்வளவும் சரியாக நடந்து ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கினால், அங்கே காவல்துறையின் துப்பாக்கி அலுவலகத்தில் எஸ்ஏபிஎஸ் 520 என்ற படிவம் கொடுக்க வேண்டும். தற்காலிகமாகத் துப்பாக்கி கொண்டு வருவதற்கான அனுமதி அது. கருப்பு மையில் நிரப்புங்கள், கையெழுத்தை மட்டும் இங்கிருந்தே போட்டுவிடாதீர்கள், அங்கே அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். பாஸ்போர்ட் நகல், திரும்பும் டிக்கெட், லைசன்ஸ், வேட்டை நடத்துபவரின் அழைப்புக் கடிதம் எல்லாம் வேண்டும். அழைப்புக் கடிதம் உங்கள் மைத்துனன் பெயரில் இருந்தால் போதாது. வெளிநாட்டிலிருந்து பணம் கட்டி வேட்டைக்கு வருபவரை அங்கே பதிவு பெற்ற வேட்டை நடத்துநர்தான் ஏற்பாடு செய்ய வேண்டும், லைசன்ஸ் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரர் கூடவே இருக்க வேண்டும். பண்ணைக்காரரிடம் இந்த இரண்டும் இருக்கிறதா என்று மைத்துனனைக் கேட்கச் சொல்லுங்கள். உள்நாட்டு விமானம் பிடித்து லிம்போப்போவின் தலைநகரான பொலொக்வானே போகும் எண்ணம் இருந்தால் விடுங்கள். இன்னொரு நிறுவனம், இன்னொரு அனுமதி. மைத்துனன் காரில் வந்து ஏற்றிக்கொண்டால் நல்ல சாலை, மூன்று நான்கு மணி நேரம்.

இப்போது என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ரைபிளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். பண்ணையில் வாடகைக்கு ரைபிள் தருவார்கள். அந்த நாட்டின் 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம், லைசன்ஸ் உள்ளவர் தன் நேரடிக் கண்காணிப்பில் இன்னொருவரைச் சுட அனுமதிக்க இடம் தருகிறது. அதனால் அது முழுக்கச் சட்டப்படியானது. உங்கள் .315 நம் ஊருக்கான துப்பாக்கி, நம் ஆர்டினன்ஸ் தொழிற்சாலையின் தோட்டாவை நம்பி இருப்பது. வழியில் தோட்டாப் பெட்டி தொலைந்தால் லிம்போப்போவில் எந்தக் கடையிலும் அதற்கு மாற்று கிடைக்காது. அங்கே புழக்கத்தில் இருப்பது .308, .30-06 மாதிரியானவை, மேலே தொலைநோக்கி பொருத்தியவை. நூற்றைம்பது மீட்டர் தள்ளிப் புதருக்குள் நிற்கும் இம்பாலாவுக்கு அதுதான் தோது. காயம்பட்டு ஓடிய மிருகத்துக்கும் முழு விலை கட்ட வேண்டியிருக்கும். பணத்தை விடுங்கள், ஒரு உயிரைக் காயத்தோடு ஓடவிடுவது யாருக்கும் நல்லதில்லை. முதல் நாளே பண்ணையில் குறி பார்த்துப் பத்துக் குண்டு சுட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

சொந்த ரைபிள்மேல் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. அப்பா கையிலிருந்து வந்ததாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை விட்டுவிட்டுப் போனால் பீளமேடோ நெடும்பாசேரியோ, எந்த நிறுவனமோ, எந்த வழியோ, உங்கள் இஷ்டம். லைசன்ஸின் எல்லை, நிறுவனத்தின் அனுமதி, மாறும் நாட்டின் சம்மதம், கேஸின் நீளம், 520 படிவம் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடுகிறது. மிச்சமாகும் கட்டணத்தையும் ஐந்து நாள் ரைபிள் வாடகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் கணக்குப் போட்டுக் கொடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு வாடகைப் பக்கம்தான் லாபமாக வந்தது. ஊரில் இல்லாத நாட்களில் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்திலோ லைசன்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். லைசன்ஸ் இல்லாத தம்பி, மகன் பொறுப்பில் விடுவது சரியில்லை.

அப்படியும் கொண்டுதான் போவேன் என்றால், கிளம்பும் அன்று சுங்கத்தில் ரைபிளைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்க மறக்காதீர்கள். பயணிகளின் பெட்டிக்குத் தரும் சுங்கவரிச் சலுகையில் துப்பாக்கி சேராது. அந்தச் சீட்டு இல்லாவிட்டால், திரும்பி வரும்போது உங்கள் பழைய ரைபிளை அங்கே புதிதாக வாங்கியதில்லை என்று காட்ட உங்கள் கையில் ஒன்றுமே இருக்காது. கொம்பு, தோல், உப்புக்கண்டம் எதையும் ஊருக்குக் கொண்டு வரும் எண்ணம் இரண்டு வழியிலும் வேண்டாம். படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தேதி பற்றி ஒரு வார்த்தை. அங்கே வேட்டைப் பருவம் குளிர்காலம், மே முதல் ஆகஸ்ட் வரை. ஜூன் கடைசியில் வளைகுடாப் பள்ளிகள் லீவு விட்டதும் அங்கிருந்து கொச்சிக்கு வரும் விமானங்களின் விலை ஏறிவிடும். ஆகஸ்ட் கடைசியில் இங்கிருந்து போகிற விலை ஏறும். ஜூன் முதல் வாரம் கிளம்பி இருபதாம் தேதிக்குள் திரும்பினால் இரண்டிலும் மாட்டாமல் வரலாம். தென்னாப்பிரிக்க விசாவுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். லைசன்ஸின் அந்தப் பக்கத்தையும் கேஸின் மூன்று அளவையும் அனுப்புங்கள், கொச்சி வழியில் இரண்டு நிறுவனத்தின் மொத்தச் செலவையும் எழுதி அனுப்புகிறேன்.